டீவியில் ஒன்றும் காட்டாத பென்

என்னிடம் வரும் கணினிகளுக்கு என்ன வருத்தம் என்பதை அவற்றைக் கொண்டு வருகிறவர்களின் வாயால் கேட்பது எனக்குப் பிடிக்கும். "கண்ண முழிக்கிது, வாய் பேசுதில்ல" என்றால் விளக்கு எரிகிறது, திரை வரவில்லை. "மூச்சு வாங்குது" என்றால் உள்விசிறியில் தூசி. எத்தாளையிலிருந்து வந்த ஒருவர், "வேலைக்குப் போற மனுசன் மாதிரி எழும்புது, பாதி வழியில திரும்பி வந்து படுக்குது" என்றார். இயந்திரம் தொடங்கிப் பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கும் கோளாறை அதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியாது. இப்படிக் கேட்டதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

மாம்புரியில் எங்கள் வீடு கடலுக்கும் வெங்காயத் தோட்டத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் உப்பும் மணலும் கேட்காமலே உள்ளே வரும். இரண்டும் கணினிக்குப் பகை. எனக்கு அதுதான் பிழைப்பு.

நான் இதை யாரிடமும் படிக்கவில்லை. கணவர் கட்டாரில் இருந்த காலத்தில் எங்கள் லெப்டொப் ஒரு நாள் எழும்பவில்லை. புத்தளத்தில் ஒரு கடைக்காரர், "வெச்சிட்டுப் போங்க, நாளைக்குப் பாப்பம்" என்றார். வைத்துவிட்டு வர எனக்கு மனமில்லை. அதற்குள் தலையில் துணி இல்லாமல் எடுத்த என் படங்கள் இருந்தன. திருப்பிக் கொண்டுவந்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து நானே கழற்றினேன். ஆறு நாள் சென்றது. அது எழும்பியது. பிறகு பக்கத்து வீட்டுப் பெண் தன்னுடையதைக் கொண்டுவந்தாள், அவளுக்குப் பிறகு அவள் மாமி, இப்படியே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

வேலையோடு ஒரு வழக்கமும் வந்தது. பெண்கள் என்னைத் தேடி வருவது நான் கெட்டிக்காரி என்பதற்காக இல்லை. நான் உள்ளே இருப்பதைப் பார்க்கமாட்டேன் என்பதற்காக. ஒருவர் நம்பித் தந்த பொருள் அமானிதம். மூடித் தந்தால் மூடியபடியே இருக்க வேண்டும். பென் டிரைவ் ஒன்றைத் தந்தால் நான் திறந்து பார்ப்பதில்லை. "இதுக்குள்ள என்ன இரிக்கி?" என்று கேட்பேன். சொன்னதை நம்புவேன். பல வருடம் இந்த வழக்கத்தை என் பெருமையாகவே வைத்திருந்தேன்.

அந்தக் காலத்தில் என் வேலை மூன்று பென்களில் நடந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு லினக்ஸ். கணினிக்குள் இருக்கும் விண்டோஸ் எழும்பாவிட்டால், அதைத் தொடாமல், பென்னிலிருந்து லினக்ஸை ஓட்டி உள்ளே இருக்கும் கோப்புகளை எடுக்கலாம். முன்கதவு இறுகிவிட்ட வீட்டுக்குக் பின்பக்கக் குசினிக் கதவால் போவது போல. சிவப்பு நூல் கட்டியது புதிய இயந்திரங்களுக்கு. பச்சை நூல் பழைய இயந்திரங்களுக்கு. வெள்ளை நூல், அழிந்த கோப்பைத் தேடும் வேலைக்கு. அடுத்த வளவில் இருக்கும் என் மதினி அவற்றைத் தாயத்து என்பார்.

"என்ன புள்ள, இண்டைக்கு எந்தத் தாயத்துக் கட்டப் போறாய்?"

ஒரே மாதத்தில் தாயத்து மூன்றும் போயின. பச்சை சூட்டில் செத்தது. வெள்ளை, கணவரின் சட்டைப் பையில் கிடந்து துணியோடு துவைபட்டது. சிவப்பை இரவல் கொண்டு போனவர் இன்னும் கொண்டு வருகிறார். அப்போதுதான் எல்லாவற்றையும் ஒரே பென்னில் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்கென்று ஒரு சிறு மென்பொருள் இருக்கிறது. அதை ஒரு தடவை பென்னில் ஏற்றிவிட்டால் போதும். பிறகு எத்தனை லினக்ஸ் வேண்டுமோ, அவற்றின் கோப்புகளைப் பாட்டு ஏற்றுவது போல ஏற்றலாம். கணினியை அந்தப் பென்னால் எழுப்பும்போது ஒரு பட்டியல் வரும், வேண்டியதைத் தெரிந்தெடுக்கலாம். மென்பொருளும் மூன்று லினக்ஸும் என் லெப்டொப்பில் தயாராக இருந்தன. பெரிய பென் ஒன்றுதான் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு டீச்சர் வந்தார்.

டீச்சர் தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பம். இங்கே ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறார். கணவர் மௌத்தாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. கையில் சீலைப் பையில் சுற்றிய பழைய லெப்டொப். கதிரையில் உட்காருமுன்னே சொன்னார்.

"மகள், இது எழும்புதில்ல. வியாழக்கிழமைக்குள்ள எழுப்பித் தாங்க. பிறகு எழும்பினாலும் ஒண்டுதான், எழும்பாட்டியும் ஒண்டுதான்."

விஷயம் காணி. டீச்சரின் மாமனாருக்கு மன்னாரில் ஒரு துண்டுக் காணி அரசாங்கம் பேர்மிட்டில் கொடுத்தது. வரும்போது அந்தக் கடதாசியை மாமி வயிற்றில் கட்டிக்கொண்டு வந்தாராம். முகாமில் ஓலைக் கொட்டிலில் இருந்த வருடங்களில் அது மழையில் நனைந்து, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, கடைசியில் கறையான் மிச்சத்தைத் தின்றது. அதற்கு முன் டீச்சரின் கணவர் அதை ஒரு கொமினிகேஷன் கடையில் ஸ்கேன் பண்ணி வைத்திருந்தார். வியாழக்கிழமை காணி அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"பேர்மிட் நம்பர் இல்லாம வந்தா பாக்க ஏலாதாம். நம்பர் அதுக்குள்ள இரிக்கி" என்று லெப்டொப்பைத் தட்டினார். "டெஸ்க்டொப்பிலயே வெச்சிருந்தார். 'காணி' எண்டு பேர் போட்டு. நான் எத்தின தடவ கண்டிருக்கன்."

லெப்டொப்பைத் தட்டிப் பார்த்தேன். அடையாளச் சின்னம் வரும், பிறகு கறுப்பு. உள்ளே ஹார்ட் டிஸ்க் சுற்றும் சத்தம் ஒழுங்காகக் கேட்டது. நல்ல செய்தி. விண்டோஸ்தான் படுத்திருக்கிறது, சாமான் பத்திரமாக இருக்கும் என்று சொன்னேன். ஆனால் எந்த லினக்ஸ் இந்தக் கிழட்டு இயந்திரத்தில் ஓடும் என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க ஒரு பெரிய பென் வேண்டும் என்றேன்.

"பெருசு எண்டா?" என்று டீச்சர் பையைத் துழாவி ஒரு நீலப் பென்னை எடுத்தார். "இது காணுமா? எடுத்த சாமான்களப் போட்டுத் தருவீங்க எண்டு கொண்டு வந்தன். இவர்ர மேச லாச்சியில கிடந்திச்சு."

முப்பத்திரண்டு ஜீபி. தாராளம்.

"இதுக்குள்ள என்ன இரிக்கி?"

"ஒண்டுமில்ல மகள். வெறும் பென். காலையில டீவில குத்திப் பாத்தன். ஒரு கோப்பும் இல்ல எண்டு டீவியே சொல்லுது."

"நான் இதப் பாவிக்கட்டா? ஒங்கட சாமான என்ட டிஸ்க்ல எடுத்து வெப்பன். முடிஞ்ச பிறகு இதுல போட்டுத் தாறன்."

"ஓம், ஓம். பாவிங்க."

ஒரு மூலையில் இருந்து வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்த மதினி, "டீவி சொன்னாப் பிறகு வேற சாட்சி என்னத்துக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

பென்னைக் குத்தினேன். மென்பொருளில் அதன் அளவும் பெயரும் தெரிந்தன. பெயர் மன்னார் என்று ஆங்கில எழுத்தில் இருந்தது. மன்னார் வீட்டுப் பென்னுக்கு மன்னார் என்று பேர் இருக்காதா? இதிலுள்ள எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று மென்பொருள் கேட்டது. ஓம். உண்மையாகவா என்று மறுபடி கேட்டது. ஓம். ஒரு நிமிடம்கூடச் செல்லவில்லை. பிறகு மூன்று லினக்ஸையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினேன். அதற்குத்தான் நேரம் பிடித்தது. டீச்சர் பிளேன்டீ குடித்தபடி, பாலர் பாடசாலையில் ஒரு பிள்ளை "டீச்சர், எனக்கு வீட்டு ஞாபகம் வயித்துல வருது" என்று சொன்னதைச் சொன்னார். அதை அப்போதே கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

ஏற்றி முடிந்ததும் டீச்சரின் லெப்டொப்பில் பென்னைக் குத்தி, தொடக்கப் பட்டியலை வரவழைத்தேன். மூன்று பெயரும் வரிசையாக நின்றன. முதலாவது, இந்த இயந்திரம் எனக்கு ஆகாது என்று ஒரே வரியில் சொல்லி நின்றது. அடுத்தது பழைய இயந்திரங்களுக்கானது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின, கொஞ்சம் நின்றன, பிறகு நீல நிறத்தில் ஒரு மேசை விரிந்தது.

"யா அல்லாஹ், கண்ணத் தொறந்திட்டு" என்றார் டீச்சர்.

கதிரையை அவர் பக்கம் நகர்த்தி, மவுஸை அவர் கையில் கொடுத்து, எங்கே போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். டெஸ்க்டொப் இருக்கும் இடத்துக்கு வந்தார். 'காணி' இருந்தது. டீச்சர் அழுத்தினார். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினார்.

"மகள், நீங்களே பாருங்க."

பார்த்தேன். அது ஒரு கோப்புறை இல்லை. பெயருக்குப் பின்னால் ஒரு வால் இருந்தது. அளவு இரண்டு கிலோபைட். ஒரு முழுப் பேர்மிட் இரண்டு கிலோபைட்டுக்குள் படுக்காது. எழுத்துக் கோப்பாகத் திறந்து பார்த்தேன். கிறுக்கலுக்கு நடுவே வாசிக்கக்கூடிய துண்டுகள் இரண்டு இருந்தன. ஒன்று, காணி என்ற கோப்புறை எந்த எழுத்துள்ள டிரைவில் இருக்கிறது என்ற விலாசம். மற்றது, அந்த டிரைவின் பெயர். மன்னார்.

டெஸ்க்டொப்பில் இருந்தது பொருள் இல்லை, பொருளின் விலாசம் மட்டும். இதை ஷோர்ட்கட் என்பார்கள். பென்னைக் குத்தியிருக்கும்போது அழுத்தினால் பேர்மிட் திறக்கும், லெப்டொப்பிலேயே இருப்பது போலத் தோன்றும். பென்னை எடுத்துவிட்டால் வெறும் படம். டீச்சரின் கணவர் லெப்டொப்பிலும் ஒரு பிரதி போட்டாச்சு என்று நம்பியே போய்ச் சேர்ந்திருக்கிறார். உண்மையில் இருந்தது ஒரே ஒரு பிரதி. அது அந்த நீலப் பென்னில். அதைத்தான் நான் இரண்டு தடவை ஓம் என்று சொல்லி அழித்திருந்தேன்.

ஸ்கேன் எல்லாம் பிடிஎஃப். டீவிக்குப் பாட்டும் படமும் வீடியோவும்தான் கண்ணுக்குத் தெரியும். பிடிஎஃப் இருந்தாலும் அதற்கு வெறுமைதான். எங்கள் பகுதியில் எல்லோரும் பென்னை டீவியில் குத்தித்தான் பார்ப்பார்கள். அது எனக்குத் தெரியாதது இல்லை.

சொல்லாமல் இருந்திருக்கலாம். லெப்டொப்பில் இல்லை டீச்சர் என்று சொன்னால் அவர் நம்பிப் போயிருப்பார். அந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் பென்னுக்குள் மிச்சம் இருக்கிறதா என்று தேட வேண்டுமென்றால், உடனே எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். அந்த நேரமும் அந்தப் பென்னால்தான் லெப்டொப் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து லெப்டொப்பை நிறுத்தி, பென்னைக் கழற்றி, டீச்சருக்கு முன்னால் வைத்துச் சொன்னேன்.

"டீச்சர், பேர்மிட் இதுலதான் இருந்திரிக்கி. லெப்டொப்ல இருந்தது வெறும் விலாசம். இத நான் அழிச்சிட்டன்."

டீச்சர் பென்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மதினி கத்தியைக் கீழே வைத்தார். வெளியே காற்றாலைகள் சுற்றும் சத்தம் கேட்டது.

"நான்தானே வெறும் எண்டு சொன்னன்" என்றார் டீச்சர்.

"நான்தானே பாக்கல்ல."

"நீங்க பாக்கமாட்டீங்க எண்டுதானே மகள் இஞ்ச கொண்டு வந்தன்."

பென்னை மறுபடி கையில் எடுத்தேன். 

ஒரு நப்பாசை இருந்தது. பென்னை அழிப்பது என்றால் தேய்த்துக் கழுவுவது இல்லை. எந்தப் பொருள் எங்கே என்ற அட்டவணைதான் போகும். பொருள், அதன்மேல் வேறு ஏதாவது எழுதப்படும் வரை கிடக்கும். நான் எழுதியிருந்தது மென்பொருளும் மூன்று லினக்ஸும், ஐந்து ஜீபிக்குள். அவை முன்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பேர்மிட் எங்கே உட்கார்ந்திருந்தது என்பதுதான் கேள்வி.

"டீச்சர், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்தப் பென்னுல முந்தி என்ன இருந்திச்சு?"

"மகள்ட கலியாண வீடியோ. அதுக்குத்தான் இவ்வளவு பெருசு வாங்கின. பிறகு மகள் வந்து தன்ட லெப்டொப்புக்கு எடுத்துக்கொண்டு போனா."

"ஸ்கேன் பண்ணினது வீடியோ இருக்கக்குள்ளயா, போன பிறகா?"

டீச்சர் கண்ணை மூடினார். "இருக்கக்குள்ள. கொமினிகேஷன்ல இருந்த பொடியன், 'சாச்சா, இதுல கலியாணம் ஒண்டு இரிக்கி, அழிச்சிரட்டா?' எண்டு கேட்டானாம். இவர் வீட்ட வந்து சொல்லிச் சிரிச்சார்."

 கலியாணம் முன்வரிசை எல்லாம் பிடித்திருந்தால், பேர்மிட் பிந்தி வந்த விருந்தாளி போலப் பின்னால்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் உடைத்தது பெரும்பாலும் கலியாண வீட்டுக் கதிரைகளை.

பென்னை என் சொந்த லெப்டொப்பில், எழுத முடியாதபடி வைத்துக் குத்தினேன். முழுப் பென்னையும் அப்படியே ஒரே துண்டாக என் டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். அரைமணித்தியாலத்துக்கு மேல் சென்றது. நடுவில் கரண்ட் போனது. தலைக்கு மேல் காற்றாடி நின்றது.

"வெளிய அவ்வளவு பெரிய காத்தாடி சுத்துது, எங்கட வீட்டுக் காத்தாடிக்கு மட்டும் காத்தில்ல" என்றார் மதினி. டீச்சரைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். டீச்சர் சிரிக்கவில்லை. என் லெப்டொப் பற்றரியில் ஓடியது. பற்றரி அளவைப் பார்த்துப் பார்த்து என் கழுத்து வலித்தது.

அஸருக்குப் பாங்கு சொன்னது. மூவரும் தொழுதோம். தொழுகையில் என் மனம் எங்கே இருந்தது என்று அல்லாஹ்வுக்குத் தெரியும்.

பிறகு தேடும் மென்பொருளைத் தொடங்கினேன். அது அட்டவணையைப் பார்ப்பதில்லை. பென்னின் முதல் மூலையிலிருந்து கடைசி மூலை வரை தடவிக்கொண்டே போகும், பிடிஎஃப் போலத் தெரிந்ததை எடுத்துப் போடும். எந்த வகையைத் தேட வேண்டும் என்று கேட்டது. படங்களையும் வீடியோக்களையும் வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். அந்த நேரத்திலும் அந்த வழக்கம் கையில் இருந்தது.

பதின்மூன்று பிடிஎஃப் கிடைத்தன. பெயர்கள் போய்விட்டதால் வெறும் இலக்கங்கள். கதிரையை டீச்சருக்குக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

"துஆப் புத்தகம்" என்றார் டீச்சர். "இது கரண்ட் பில்." மவுஸ் அழுத்தும் சத்தம். "இது நான் பிள்ளைகளுக்கு எழுதின பாட்டு. இது திறக்குதில்ல. இதுவும் இல்ல." மதினி அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது காலடியில் தெரிந்தது.  

"புள்ள, திரும்பு" என்றார் மதினி.

திரையில் மங்கிய மஞ்சள் கடதாசி ஒன்று. நடுவில் சிலுவை போல மடிப்புத் தழும்பு. ஓரத்தில் மழை தின்ற இடம். மேலே வலப்பக்கம், மை ஊறிய இலக்கம், ஒன்று விடாமல் வாசிக்கக்கூடியதாக. கீழே மாமனாரின் கையெழுத்து.

டீச்சர் இலக்கத்தைச் சத்தமாக வாசித்தார். மதினி, "எழுது, எழுது" என்று என் முதுகில் அடித்தார். கொப்பியில் எழுதினேன். டீச்சர் உள்ளங்கையில் எழுதினார். மதினி சுவரில் தொங்கிய கலண்டரில் எழுதினார். பிறகு என் போனில் படம் எடுத்து, டீச்சரின் மகளுக்கு அனுப்பி, பள்ளிவாசல் முன்னால் இருக்கும் கொமினிகேஷனில் நான்கு பிரதி அடித்தோம். நம்பிக்கை இல்லாதவர்கள் போல.

பேர்மிட்டின் மறுபக்கம் கிடைக்கவில்லை. நான்கு எல்லையும் வரைபடமும் அதில்தான் இருந்தன. அதைத் தனிக் கோப்பாக ஸ்கேன் பண்ணியிருந்தார்கள். திறக்காத பிடிஎஃப்களில் ஒன்றாக அது இருக்கலாம், அல்லது நான் ஏற்றிய லினக்ஸ் அதன்மேல் உட்கார்ந்திருக்கலாம். அதையும் டீச்சரிடம் சொன்னேன்.

"பாதி வந்திட்டுத்தானே" என்றார். மக்ரிப் தொழுகைக்கு முன் லெப்டொப்பைச் சீலைப் பையில் சுற்றிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை மன்னார் போனார். அடுத்த கிழமை வந்து சொன்னார். இலக்கம் பழைய பதிவுப் புத்தகத்தில் இருந்ததாம், மாமனாரின் பேர் சரியாக இருந்ததாம். ஆனால் எல்லைக்கு வரைபடம் கேட்டிருக்கிறார்கள். இல்லாவிட்டால் அந்தக் காணியின் எல்லை தெரிந்த இரண்டு பேர், அக்காலத்துப் பக்கத்துக் காணிக்காரர்கள், வந்து சொல்ல வேண்டும். ஒருவர் வண்ணாத்திவில்லுப் பக்கம் இருக்கிறார், வரச் சம்மதித்துவிட்டார். மற்றவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

"அந்தப் படம் இருந்திருந்தா இவ்வளவு அலைச்சல் இல்லத்தான் மகள்" என்றார், ஒளிக்காமல். கோபமும் இல்லாமல்.

அந்த நீலப் பென்னை நான் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். டீச்சர் வாங்கவில்லை, தன்னிடம் இருந்தால் யாராவது டீவியில் குத்துவார்கள் என்றார். அது ஒரு கடித உறையில் என் அலுமாரியில் இருக்கிறது. பென்னில் அதற்குப் பிறகு நான் ஒன்றும் எழுதவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, தேடும் மென்பொருளின் புதிய பதிப்பு வந்தால், அந்த நகலில் மறுபடி தடவிப் பார்க்கிறேன். இதுவரை வரைபடம் வரவில்லை.

வேலைக்கு வேறு பென் வாங்கினேன். இப்போது அதில் நான்கு லினக்ஸ் இருக்கின்றன. மூன்று நிற நூலையும் பின்னிக் கட்டியிருக்கிறேன். மதினிக்கு அது பெரிய தாயத்து.

நான் இன்றைக்கும் மற்றவர் பென்னுக்குள் பார்ப்பதில்லை. ஆனால் கேட்டு நம்புவதையும் விட்டுவிட்டேன். உரியவரே என் லெப்டொப்பில் குத்தி, ஒவ்வொரு கோப்பாகப் பார்த்து, வேண்டாம் என்று வாயால் சொல்ல வேண்டும். அது முடியும் வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பேன். சிலருக்கு இது எரிச்சல். போன கிழமை ஒருவர் பென்னை நீட்டி, "வெறும் பென் புள்ள, டீவியில பாத்திட்டன்" என்றார்.

அவருக்குக் கதிரையை என் லெப்டொப்புக்கு முன்னால் இழுத்துப் போட்டேன்.